நிற்கச் சொன்னதாலேயே பொய்யாகிவிடுமா?

கௌபாய்களின் அன்றாட உழைப்பைக் காட்டும் தொடக்ககாலப் புகைப்படங்களைச் சான்றாகக் கொள்ளவே கூடாது என்ற கருத்து இன்று பரவலாகிவிட்டது. அதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. மேய்ச்சல்வெளிக்குக் கேமரா வந்து சேர்வதற்குள் அந்த வாழ்க்கையே முடிந்துவிட்டது. படங்கள் ஆட்களை நிற்கவைத்து எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் பழமையில் மயங்கிய கலைஞர்கள். கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் மறைக்கப்பட்டுவிட்டார்கள். நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மைகளிலிருந்து எட்டப்படும் முடிவுதான் தவறு. படம் எடுத்தவர் சொல்ல நினைத்ததை மட்டுமே படம் சொல்லும் என்ற நம்பிக்கை அதற்கு அடியில் இருக்கிறது.

காலதாமதம் என்ற குற்றச்சாட்டிலிருந்து தொடங்கலாம். கௌபாய்ப் படங்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் எர்வின் ஸ்மித், டெக்சாஸின் ஹனி குரோவில் பிறந்ததே 1886-இல்தான். அவருடைய முக்கியமான படங்கள் 1905-க்குப் பிறகு எடுக்கப்பட்டவை. ஜோசப் கிளிடனின் முள்கம்பிக்கு 1874-இல் காப்புரிமை கிடைத்தது. 1886-87 குளிர்காலம் வடக்குச் சமவெளிகளில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றது. வேலியில்லாத மேய்ச்சலின் பொற்காலம் அத்தோடு முடிந்தது உண்மை. ஆனால் எல். ஏ. ஹஃப்மன் 1870-களின் இறுதியிலேயே மொன்டானாவின் கியோ கோட்டைக்கு வந்துவிட்டார். வேலிகள் வருமுன் அங்கே நடந்த மாடு திரட்டல்களைப் படமெடுத்தார். ஸ்மித்தின் படங்களையும் தாமதம் என்று தள்ளிவிட முடியாது. மேட்டடார், ஜேஏ போன்ற பெரும்பண்ணைகள் வேலியடைத்த பிறகும், கன்றுகளைத் தேடித் திரட்டிச் சூட்டுக்குறி போட ஆட்கள் சமையல் வண்டியோடு வாரக்கணக்கில் வெளியே தங்க வேண்டியிருந்தது. 1908-இல் கூலிக்கு மாடு மேய்த்தவன் எப்படி வேலை செய்தான் என்ற கேள்விக்கு 1908-இன் படம் தாமதமான சாட்சி ஆகாது. நெடும்பயண மந்தைகளின் காலம் மட்டுமே கௌபாயின் காலம் என்று முன்பே முடிவு செய்தவர்களுக்குத்தான் அது தாமதம்.

இரண்டாவது குற்றச்சாட்டு வலுவானது. ஈரத் தட்டு முறையில் கண்ணாடியில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஓடும் குதிரையை அதில் பிடிக்க வழியில்லை. 1880-களில் உலர் தட்டு பரவிய பிறகுதான் மேய்ச்சல்வெளி வேலையைப் படமெடுப்பது எளிதாயிற்று. அதனால் முந்தைய கௌபாய்ப் படங்களில் பல ஸ்டூடியோவில் துப்பாக்கியும் தோட்டா வாரும் தரித்து நின்றவை. நெப்ராஸ்காவில் சாலமன் புட்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1885-இல் குடியேறிகள் ஒரு பண்ணையின் வேலியை வெட்டிய சம்பவத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஆட்களை நடிக்கவைத்து எடுத்தார். இவற்றை நடந்த நிகழ்ச்சியின் பதிவாக யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஆளை நிற்கச் சொல்லலாம். பின்னங்கால் கயிற்றில் சிக்கி இழுபடும் கன்றை நிற்கச் சொல்ல முடியாது. சூடு போடும் படங்களில் ஒருவன் குதிரைமீதிருந்து கன்றை இழுத்து வருகிறான், இருவர் அதைச் சாய்த்து அமுக்குகிறார்கள், ஒருவன் பழுத்த இரும்போடு வருகிறான். இந்த வேலைப் பங்கீடு கேமராவுக்காக உண்டாக்கியதல்ல. சமையல் வண்டியின் பின்பலகை மேசையாக விரிந்திருப்பதும், கனத்த இரும்புச் சட்டிகள் தணல்மேல் இருப்பதும் அப்படித்தான். துப்பாக்கி விஷயத்திலோ எழுத்துச் சான்றும் துணைக்கு வருகிறது. டெக்சாஸின் எக்ஸ்ஐடி பண்ணை 1888-இல் வகுத்த விதிகள், வேலையாட்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்தன. ஸ்மித்தின் மேய்ச்சல்வெளிப் படங்களிலும் இடுப்பில் துப்பாக்கியோடு வேலை செய்பவர்கள் அரிது. விற்பதற்காகவே ஜோடித்த படங்கள் என்றால், எல்லாவற்றுக்கும் முதலில் சேர்த்திருக்க வேண்டியது துப்பாக்கிதானே?

அடுத்தது, எடுத்தவர்களின் மயக்கம். ஸ்மித்துக்குப் பழைய வாழ்க்கைமீது காதல் இருந்தது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. சிகாகோவில் லொராடோ டாஃப்டிடமும் பாஸ்டனில் பெலா பிராட்டிடமும் சிற்பம் பயின்றவர் அவர். கிழக்கத்திய ஓவியர்கள் கௌபாயைப் பிழையாக வரைகிறார்கள் என்ற ஆதங்கத்தில், தான் வடிக்கவிருந்த சிலைகளுக்குச் சரியான மாதிரிகள் வேண்டும் என்றே படமெடுத்தார். சேணத்தின் வாரும் குதிரையின் கால்வைப்பும் பிசகக் கூடாது என்பதே நோக்கம் என்றால், அந்த மயக்கம் நுணுக்கத்துக்குக் காவலாகத்தான் இருந்திருக்கிறது. அது கெடுத்தது தேர்வை. திரட்டலும் கயிறு வீச்சும் நிறைய இடம்பெற்றன. வேலிக்கால் நடுவதும் குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்ப்பதும் ஒதுங்கிப்போயின. 1883-இல் டெக்சாஸ் பான்ஹேண்டில் பகுதி கௌபாய்கள் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றதை இந்தப் படங்களில் தேடினால் கிடைக்காது. விடுபட்டவற்றில் சிலவற்றை ஈடுசெய்பவர் ஈவ்லின் கேமரன். இங்கிலாந்திலிருந்து வந்து கிழக்கு மொன்டானாவில் பண்ணை நடத்திய இவர், 1894-இல் படமெடுக்கத் தொடங்கி, பெண்கள் மாடுகளோடு செய்த வேலைகளையும் பதிவு செய்தார், நாட்குறிப்பும் எழுதிவந்தார். அவருடைய படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பலர். தொழில் தெரிந்தவர்களிடம் தொழிலைப் பிழையாகக் காட்டி விற்க முடியாது.

கறுப்பினத்தவர் மறைக்கப்பட்டார்கள் என்ற நான்காவது புகார் பெரும்பாலும் வேறொருவர்மேல் வைக்க வேண்டியது. வெள்ளைக்கார கௌபாயை நாயகனாக்கியவை 1902-இல் ஓவன் விஸ்டர் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ போன்ற நாவல்களும் பின்னர் வந்த ஹாலிவுட்டும். டெக்சாஸின் போனம் நகரில் கறுப்பினச் சவாரிக்காரர்கள் குதிரைகளோடு அணிவகுத்து நிற்கும் படங்களை எடுத்தவர் இதே ஸ்மித். அவை கண்காட்சிக்காகக் கூடியபோது எடுத்தவை என்பதால் அன்றாட வேலைக்குச் சான்றாகா. அவர்கள் இருந்தார்கள், தங்களைக் கௌபாய்களாகவே கருதினார்கள் என்பதற்குச் சான்றாகும். நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீட்டைப் படங்களைக் கொண்டு நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அடிமையாகப் பிறந்து கௌபாயான நாட் லவ் 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சேணமும் துப்பாக்கியுமாக நிற்கும் படம் இருக்கிறது. அந்தத் தோரணை, தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதற்கான பதிவு.

பண்ணை விதிகளையும் நாட்குறிப்பையும் வைத்துத்தான் படத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றால், படம் எதற்கு என்று கேட்கலாம். விதிப்புத்தகம் முதலாளி விரும்பியதைச் சொல்கிறது. நினைவுக் குறிப்புகள் பல, ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. யார் கயிறு போட்டான், யார் தரையில் புழுதியில் கிடந்தான், குதிரைக் கூட்டத்தைக் காத்தவன் எவ்வளவு சிறுவன் என்பதெல்லாம் கணக்கேட்டில் ஏறுவதில்லை. எந்தச் சான்றுமே தனித்து நிற்பதில்லை; சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும் கூண்டிலிருந்து விரட்டுவதும் ஒன்றல்ல. ஸ்டூடியோப் படத்தை வேடத்துக்கும், நடிக்கவைத்த படத்தை நினைவு எப்படி உருவாக்கப்பட்டது என்பதற்கும், மேய்ச்சல்வெளிப் படத்தை வேலைக்கும் சான்றாகத் தனித்தனியே படிக்கலாம். மொத்தமாகத் தள்ளிவிட்டால் ஆதாயம் சினிமாவுக்குத்தான். அதன் கௌபாயிடம் இப்படி எந்தக் கேள்வியையும் நாம் கேட்டதில்லை.