ஒலிபெருக்கியின் முகம் எத்திசை நோக்குவது?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமைகளுள் ஒன்றையே யாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு எம்மினுந் தகுதியுடையோர் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது, எமது மண்டபத்து மேடையின் இருமருங்கிலும் நிற்கும் இரண்டு கரிய பெட்டிகளைப் பற்றி. அற்பப் பொருளென்று அன்பர்கள் இதனைத் தள்ளிவிடாதிருப்பாராக. இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கம் பணந்திரட்டி வாங்கக் கருதியுள்ள பொருள்களுள் முதலிடம் பெற்றிருப்பன, இவற்றினும் பெரிய வேறிரண்டு ஒலிபெருக்கிகளேயாம். அவை இப்பொழுது வேண்டா என்பது எமது கருத்து. வேண்டுவன நான்கு சாண் மரமும், நாலைந்து இரும்புத் தாங்கிகளும், சிறிது கேத்திர கணிதமுமே.

இக்கருத்து எமக்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். நாவலர் குருபூசைத் தினமொன்றிலே எட்டாந் தரத்து மாணவனொருவன் பேச எழுந்தான். நன்கு பயின்று வந்தவன். மூன்று வாக்கியங்கள் தெளிவாகச் சொன்னான். நான்காவதிலே நா இடறியது, சொன்னதையே திரும்பச் சொன்னான், எதிர்ச்சுவரைப் பார்த்தான், குரலை உயர்த்தினான். உடனே ஒலிபெருக்கி ஊளையிட்டது. சபையிற் சிரிப்பெழுந்தது. மாணவன் வணக்கமுஞ் சொல்லாது மேடையைவிட்டு இறங்கிப் போயினான். யாம் கடைசி வாங்கிலே, எமக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் அருகில் இருந்தோம். “தம்பி, பொடியன் என்ன சொன்னவன்?” என்று அவர் கேட்டார். “எனக்கும் விளங்கேல்லை, மாஸ்ரர்” என்றோம். பின்னர்த் தேநீர் வேளையில், பிள்ளை ஆயத்தமின்றி வந்துவிட்டானென்று சொன்னவர்களுள் யாமும் ஒருவர். அச்சொல்லை இன்று இம்மலரிலே மீளப் பெற்றுக்கொள்கின்றோம்.

விழா முடிந்து மண்டபம் வெறுமையானபின், ஒலிபெருக்கியைக் கவனித்த உயர்தர மாணவர் இருவரோடு மேடையேறி, அம்மாணவன் நின்ற இடத்திலே நின்று பேசிப் பார்த்தோம். எமது சொல் எதிர்ச்சுவரிலே பட்டு எம்மிடமே திரும்பி வந்தது. மேடைக்கும் அச்சுவருக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 20 மீற்றர். எமது நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு செக்கனில் 350 மீற்றர் அளவு செல்லும். போய் வரும் 40 மீற்றருக்கு ஒரு செக்கனின் பத்திலொரு பங்கினுஞ் சற்று மேலாகும். இரண்டாஞ் சொல்லைச் சொல்லும்போதே முதற்சொல் காதில் வந்து விழுகின்றது. தன் குரல் இங்ஙனம் பிந்தித் தன் காதிலே கேட்குமாயின், பழகிய பேச்சாளரும் தடுமாறுவர். பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் குறைகூறுதல் எவ்வாறு பொருந்தும்?

அன்று பெட்டிகள் இருந்த இருப்பையுஞ் சொல்வோம். மேடையின் விளிம்பிலே தரையில் வைத்து, முன்புறத்துக்கு இரண்டிரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து, முகம் வானத்தை நோக்கச் சாய்த்திருந்தனர். ஒரு செங்கல்லின்கீழ், ஆடாதிருத்தற்பொருட்டு மடித்து வைத்த அப்பியாசப் புத்தகமும் இருந்தது. காரணங் கேட்டபொழுது, சத்தம் தூரம் போகவேண்டுமன்றோ என்றனர். பந்தைத் தூர எறிவதற்கு மேனோக்கி எறிகின்றோம். அந்நினைவிலே எழுந்த வழக்கம் இது. எமது ஊர்களிலே கோயில் வீதியிலும் வாசிகசாலை முற்றத்திலும் இதனையே காண்கின்றோம். ஆனால் ஒலி பந்தன்று. மேலெழுந்து பின் வளைந்து மக்கள் தலையில் வந்து விழுவதில்லை. முகம் நோக்கிய திசையிலே நேரே போகும். 40 சென்ரிமீற்றர் ஆழமான பெட்டியின் முன்புறத்தை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கினால் அது 20 பாகையளவு பின்சாயும். அதன் நடுக்கோடு 18 மீற்றர் சென்றவிடத்து, புறப்பட்ட உயரத்தினின்றும் 6 மீற்றருக்கு மேல் எழுந்திருக்கும். அங்கே இருப்பது கூரைத் தகடும் சுவரின் மேற்பாகமும். ஆகவே எமது மண்டபத்தில் மிகத் தெளிவாகப் பேச்சைக் கேட்டவை பல்லிகளே.

கடைசி வாங்குக்குச் சத்தமே வரவில்லையோவெனின், வந்தது. சொல்தான் வரவில்லை. இந்த வேறுபாட்டினைப் பலர் கருதுவதில்லை. உயிரெழுத்தின் முழக்கம் தாழ்ந்த மீடிறன்களிற் பெரிதும் இருப்பது. 200 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்றேமுக்கால் மீற்றர். அது பெட்டியின் பின்புறத்துக்கும் வளைந்து செல்லும், முன்னிருப்பார் தலைகளையுஞ் சுற்றிவரும். மெய்யெழுத்துக்களைப் பிரித்துக்காட்டும் ஒலிகளோ பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையிலும் அதற்கு மேலுமுள்ளவை. 4,000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 சென்ரிமீற்றருக்குட்பட்டது. முன்வரிசையார் தலையே அதற்குச் சுவராகும். ஒலிபெருக்கியின் சிறு கொம்பு எங்கே நோக்குகின்றதோ அங்கேதான் அது போகும். லகர ளகர ழகரங்களையும், ரகர றகரங்களையும், னகர ணகரங்களையும் வைத்தே பொருளை வேறுபடுத்தும் எமது மொழிக்கு இஃது எத்துணைப் பெருநட்டம்! அறம் என்று பேச்சாளர் சொல்ல அரம் என்று கேட்போர் ஊகிப்பதும், தேவாரம் பாடுங்கால் பண் மட்டும் வந்து பதம் வாராதொழிவதும் இதனாலேதான்.

பெரிய பெட்டி வாங்கினால் இது தீருமென்பார்க்கு ஒரு கணக்கு. ஒலிபெருக்கியின் வலுவை இருமடங்காக்கினாற் கிடைப்பது 3 டெசிபெல். கூர்ந்து கேட்போர்க்கே தெரியும் அளவு. கேட்போர் இருமடங்கு சத்தமென மதிக்கத்தக்க 10 டெசிபெல்லைப் பெறுதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். 500 உவாற்று இருந்தவிடத்து 5,000 உவாற்று. ஆனால் ஒலிபெருக்கியின் பரப்பெல்லையின் விளிம்பிலிருக்கும் ஒருவரை அதன் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த உயர் மீடிறன்களிலே அவர்க்கு 6 டெசிபெல் கூடும். இது நான்கு மடங்கு வலுவுக்குச் சமம். ஒரு மரத்துண்டைச் செருகுவதாற் கிடைப்பதை இலட்சக்கணக்கிலே பணங்கொடுத்து வாங்கவேண்டுமா? அதுவுமன்றி, கூரையை நோக்கிய பெரிய பெட்டி கூரையிலேதான் பெரிதாக முழங்கும்.

இனி, வைக்கவேண்டிய முறை. பெட்டியின் கொம்பு நிலத்தினின்றும் 2.8 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். இருப்பவரின் காது ஏறக்குறைய 1.2 மீற்றர். வேறுபாடு 1.6 மீற்றர். கடைசி வரிசைகளுக்குரிய 16 மீற்றர் தூரத்தை இலக்காகக் கொண்டால் தான்சன் பெறுமானம் 0.1, கோணம் 6 பாகைக்குச் சிறிது குறைவு. 40 சென்ரிமீற்றர் ஆழமான பெட்டியின் பின்புறத்தை 4 சென்ரிமீற்றர் உயர்த்தி முகத்தைக் கீழ்நோக்கச் செய்தாற் போதும். நாலு சென்ரிமீற்றர்! தச்சர் ஒருவர் அரைமணி நேரத்திற் சீவித் தரும் ஆப்பு அது. முன்வரிசையார்க்குக் கேளாதோவென ஐயுறவேண்டா. கொம்பின் மேல்கீழ்ப் பரப்பு 50 பாகையாயின் அதன் கீழெல்லை 31 பாகையில் இறங்கி, பெட்டியிலிருந்து மூன்று மீற்றருக்குள்ளேயே காதுமட்டத்தைத் தொடும். முன்னிருப்போர் பரப்பின் விளிம்பில் இருத்தலால் அவர்க்குச் சத்தங் குறையும். பின்னிருப்போர் நடுக்கோட்டில் இருத்தலால் அவர்க்கு மிகும். தூரத்தால் வரும் ஏற்றத்தாழ்வு இவ்வாறு தானே ஓரளவு ஈடாகின்றது. பெட்டிகள் ஒலிவாங்கிக்கு முன்னே, சபைப்பக்கமாக நிற்கவேண்டுமென்பதையும் மறத்தலாகாது. பின்னே நின்றால் தன் குரலைத் தானே கேட்டு ஊளையிடும்.

எமது முன்னோர் இவையின்றியே பேசினரேயெனப் பெரியோர் சிலர் சொல்வர். 1847 ஆம் ஆண்டிலே வண்ணை வைத்தீசுவரன் கோயிலில் நாவலர் பெருமான் பிரசங்கந் தொடங்கிய காலத்து ஒலிபெருக்கி இல்லை என்பது மெய்யே. மின்விசிறியும் இல்லை, வீதியிலே மோட்டார் வண்டியும் இல்லை. கிரேக்கரும் ஒலிபெருக்கியின்றியே எப்பிடோரசு அரங்கிலே ஆயிரக்கணக்கானோர்க்கு நாடகம் நடத்தினர். ஆனால் ஒவ்வொரு வரிசையாரின் தலையும் முன்வரிசையார் தலைக்குமேல் நிற்கும்படி மலைச்சரிவிலே இருக்கைகளை அடுக்கினர். அவர்கள் சபையைச் சாய்த்தார்கள். எமது மண்டபத்தின் தளம் சமதளமாதலால் யாம் பெட்டியைச் சாய்க்கவேண்டும். அவ்வளவே வேறுபாடு.

எதிரொலியோடு போராடிய பெரியதோர் உதாரணம் இலண்டன் சென் போல் பேராலயம். வெறுமையாயிருக்குங்கால் அங்கே எழுந்த ஒலி அடங்குதற்குப் பத்துச் செக்கனுக்கு மேலாகும். 1950களின் தொடக்கத்திலே பார்க்கின், டெயிலர் என்னும் இரு பௌதிக அறிஞர் அங்கே பேச்சைத் தெளிவாக்க முற்பட்டபோது, வலுவை அவர்கள் நம்பவில்லை. மேல்கீழாக ஒலி பரவாத, நெடிய ஒடுங்கிய தூண்வடிவ ஒலிபெருக்கிகளை அமைத்து, ஒலியை மாடத்துக்குப் போகவிடாமல் மக்கள்மீது வீழ்த்தினர். தூரத்திலிருந்த தூண்களுக்குக் காந்தத் தட்டொன்றினால் ஒலியைப் பிந்தச் செய்து அனுப்பினர். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்புமென ஹாஸ் என்னும் செருமானியர் அக்காலத்தில் ஆராய்ந்து கண்டதை அவர்கள் பயன்படுத்திய முறை அது. எமது மண்டபம் பேராலயமன்று. ஆப்பு ஒன்றே எமக்குப் போதும்.

மேடைமேல் இருப்போர்க்கென வைக்கும் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். இது மட்டும் பின்சாய்ந்து மேனோக்கவேண்டியது. சபைக்குரிய பெட்டிகளை மேனோக்கச் சாய்க்கும் வழக்கமும் இதனைப் பார்த்தே வந்ததோ என எமக்கொரு சந்தேகம். ஆனால் கடைகளில் வரும் இவ்வகைப் பெட்டிகள் நின்று பாடுவோர்க்கென ஆக்கப்பட்டவை. அவற்றின் முகம் ஏறக்குறைய 45 பாகையில் உயர்ந்திருக்கும். எமது பண்ணிசை மாணவரும் வயலின், மிருதங்கம் வாசிப்போரும் பாயில் இருக்கின்றனர். ஒன்றரை மீற்றர் தூரத்தில் நிலத்திலிருப்பவர் காதுக்கு 22 பாகையளவே போதும். மிகுதி ஒலி அவர் தலைக்கு மேலாற் போய்விடும். கேட்கவில்லையென அவர் கைகாட்டுவார், இயக்குபவர் கூட்டுவார், ஊளை வரும். பெட்டியின் பின்புறத்துக்கு 16 சென்ரிமீற்றர் உயரக் கட்டையொன்றை முட்டுக்கொடுத்து முகத்தைத் தாழ்த்துக, கூட்டாமலே கேட்கும். ஒலிவாங்கியின் முதுகுப்புறம் எங்கே செவிடோ அங்கேதான் இப்பெட்டி இருத்தல்வேண்டும். சில ஒலிவாங்கிகள் நேர்பின்னே செவிடு. வேறு சில பின்புறத்து இருபக்கங்களிலே செவிடு. கையிலுள்ளது எவ்வகையதென்பதை அதனோடு வந்த தாளிற் பார்த்தறியலாம்.

செங்கல்லையும் புத்தகத்தையும் யாம் வெறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 20 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி, மேடை விளிம்பிலே இரண்டு செங்கல்லை நம்பி நிற்கின்றது. அதன்கீழே சிறுவர் பாயில் இருக்கின்றனர். முழக்கத்தின் அதிர்வால் செங்கல் அணுவணுவாக நகரும். இதற்குப் பதிலாக, மேடையின் இருபுறத் தூண்களிலும் இரும்புக் கோணத் தாங்கிகளை இறுக்கி, விளிம்பு கட்டிய பலகையொன்றை அதன்மேற் பொருத்தி, ஆப்பைப் பலகையோடு திருகாணியால் முடுக்கி, பெட்டியைப் பட்டியினாலே தூணோடு பிணிக்கவேண்டும். முகங் கீழ்நோக்கும் பெட்டி முன்னே வழுக்க முயலுமாதலால் பட்டியும் முன்விளிம்பும் தவிர்க்கலாகாதவை. கூரைவளையிற் கயிறு கட்டித் தொங்கவிடும் யோசனையை எவரேனுஞ் சொன்னால் ஏற்கற்க.

இவ்வேலையை மாணவர் கையிலே ஒப்படைக்க வேண்டுமென்பது எமது இரண்டாவது கருத்து. இதனை எதிர்ப்போர் உளர். விலையுயர்ந்த பொருளைப் பிள்ளைகள் பழுதாக்குவர் என்பர். தான்சனைக் கரும்பலகையிலே கற்கும் பிள்ளை, அதே தான்சனால் ஆப்பின் உயரத்தைக் கணித்துப் பார்ப்பது பௌதிகவியற் பாடமன்றோ? விழா நாளிலே திரைக்குப் பின் நிற்கும் அவ்விருவர்க்கும் இதுகாறும் எம்மிடமிருந்து கிடைத்தது, ஊளையெழுந்தபோது சபை முழுவதுந் திரும்பிப் பார்த்த பார்வை ஒன்றே.

அயலவர் நன்மையும் இதிலே அடங்கியுள்ளது. இரவு 10 மணிமுதற் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி பயன்படுத்தலை 2007 ஆம் ஆண்டில் எமது நாட்டு உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. பகலிலும் யன்னலுக்கு மேலாக ஊருக்குப் போகும் ஒலி எவர்க்கும் பயன்படுவதன்று.

சங்கத்தாரிடம் யாம் வேண்டுவது ஒரு பரீட்சை. பெட்டிகளை இப்போதுள்ளபடியே வைத்து, மாணவனொருவன் மேடையிலே நின்று பல்லி, பள்ளி, கலை, களை, கழை, மனம், மணம், அரம், அறம் என்றிவ்வாறு ஒழுங்கு மாற்றி மாற்றி வாசிக்கட்டும். கடைசி வாங்கிலே நிர்வாகக் குழுவினர் தாளும் பேனையுங் கொண்டு கேட்டதை எழுதட்டும். பின்னர்ப் பெட்டிகளை உயர்த்தி, முகந் தாழ்த்தி, மீண்டும் எழுதட்டும். அதன்பின்னரும் களையைக் கழையென்று எழுதுவாராயின், ஆப்பை இன்னும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் பார்ப்போம். பணந்திரட்டும் பற்றுச்சீட்டுப் புத்தகம் அதுவரை அலுமாரியிலே இருக்கட்டும்.