ஊரின் பெயர்ப்பட்டியலை யாரிடம் கொடுக்கிறோம்?

1991இல் இடம்பெயர்ந்த புங்குடுதீவு மக்கள் இன்று கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று பரந்து வாழ்கிறார்கள். மடத்துவெளியில் கோயில் திருவிழா என்றாலும் பாடசாலைக்கு உதவி என்றாலும் செய்தி மின்னஞ்சலில் கடல் கடக்கிறது. அந்த மடல்களை எழுதி அனுப்பும் வேலையை ஏஐ முகவர் எனப்படும், சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் மென்பொருளிடம் விடலாமா என்று ஊர்ச் சங்க நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

விடலாம். ஆனால் எதைக் கொடுத்து விடுகிறோம்?

மெயில்சிம்ப் சேவையின் ஏபிஐ சாவியைக் கொடுத்தால் முழுக் கணக்கும் திறந்துவிடும். அந்த மென்பொருள் மடலை அனுப்பலாம். பட்டியலையே வெளியே எடுக்கவும் செய்யலாம். வாசிக்கும் மடலொன்றில் யாரோ ஒளித்துவைத்த கட்டளையை உங்கள் கட்டளையென்று நம்பவும் கூடும். 2023 ஜனவரியில் மெயில்சிம்ப் பணியாளர்களை ஏமாற்றி 133 கணக்குகளைத் திறந்து பார்த்தார்கள். மனிதரே ஏமாறும் இடத்தில் இயந்திரத்தை எப்படி நம்புவது?

யார் எந்த நாட்டில், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். பெயர்ப்பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று சுற்றிவளைப்புகளைக் கண்ட எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சட்டத்தையும் நம்பியிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன.

நண்பரிடம் சொன்னேன்: வரைவை மென்பொருள் எழுதட்டும். சாவி சங்கத்திடமே இருக்கட்டும். வாசித்துப் பார்த்து அனுப்புவது செயலாளரின் விரலாக இருக்கட்டும்.