குத்துமதிப்புக்கு ஒரு கோச்சிங் கிளாஸா?

"சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்கிறது?"

"ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடுக்கலாம்?"

"பெங்களூரில் இந்த நிமிடம் எத்தனை பேர் பீட்சா ஆர்டர் செய்துகொண்டிருப்பார்கள்?"

ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு இண்டர்வியூ போகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. ஒரு பொருளை, பெரும்பாலும் ஒரு மென்பொருளை, யாருக்காகச் செய்வது, எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுப்பதுதான் அந்த வேலை. முடிவெடுக்கும்போது முழு விவரம் கையில் இருக்காது. கிடைத்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். எனவே தோராயமாகக் கணக்குப் போடத் தெரிகிறதா என்று சோதிப்பது நியாயமான விஷயம்தான். கேள்வி நல்ல கேள்வி. அதற்குத் தயாராகிற விதம்தான் கேவலம்.

என்ன நடக்கிறது? புத்தகம், வீடியோ, மாதிரி இண்டர்வியூ என்று இதற்கென்றே ஒரு தொழில் கிளம்பிவிட்டது. 'சர்க்கிள்ஸ்' என்று ஏழு எழுத்தில் ஒரு முறை இருக்கிறது. லூயிஸ் லின் என்பவர் 2013-ல் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் பரவியது. ஒரு பொருளை எப்படி வடிவமைப்பது என்ற கேள்விக்கு யோசனை சிதறாமல் இருக்க அவர் கொடுத்த ஊன்றுகோல் அது. நம் ஆட்களோ ஊன்றுகோலைத் தோளில் சுமந்துகொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் மக்கள்தொகை, அதை நாலால் வகுத்தால் குடும்பங்கள், அதில் பாதி நடுத்தர வர்க்கம், அதில் முப்பது சதவீதம் வாடிக்கையாளர்... இட்லிக்கும் இதே கணக்கு, குடைக்கும் இதே கணக்கு, இன்சூரன்ஸுக்கும் இதே கணக்கு! பத்தாம் வகுப்பில் நோட்ஸை உருப்போட்டு மார்க் வாங்கிய அதே பழக்கம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. புதிர்க் கேள்விகளுக்குப் பேர்போன கம்பெனி மைக்ரோசாஃப்ட். அந்தப் பழக்கத்தைப் பற்றியே 2003-ல் வில்லியம் பவுண்ட்ஸ்டோன் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு கூகுள் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. ஆனால் அதே கூகுளில் ஆளெடுக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் என்ன சொன்னார்? விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்து, மன்ஹாட்டனில் எத்தனை பெட்ரோல் பங்க் போன்ற கேள்விகள் சுத்த நேர விரயம், யார் நன்றாக வேலை செய்வார் என்பதை அவை கணிப்பதில்லை, கேட்கிறவருக்குத் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ள உதவுகின்றன என்றார். பேர்வாங்கிய இடத்திலேயே கைகழுவிய பழக்கத்தைத்தான் நம்மூர் மாணவர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"விடை முக்கியமில்லை, அணுகுமுறைதான் முக்கியம்" என்று கோச்சிங் ஆட்கள் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

2023 டிசம்பர் 17. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அன்று இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலில் ஏறக்குறைய 800 பேர். சுற்றிலும் தண்ணீர். சுமார் 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிப் பேர் ரயிலிலும் ஸ்டேஷனிலும் மாட்டிக்கொண்டார்கள். 19-ம் தேதிதான் மீட்க முடிந்தது. இடையில் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து உணவு போட்டார்கள்.

இப்போது கேள்வி: எத்தனை பொட்டலம் வேண்டும்?

இதுவும் அதே ரகக் கேள்விதான். 800 பேர், ஆளுக்கு நாலு வேளை என்றால் 3,200 பொட்டலம். ஒரு பொட்டலம் 400 கிராம் என்றால் ஒரு வேளைக்கு 320 கிலோ. கூடவே ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் இன்னொரு 800 கிலோ. ஆக, ஒரு வேளைக்கு ஒரு டன்னுக்கு மேல் போய்ச் சேர வேண்டும். இந்த 'ஒரு டன்' கிடைத்த உடனே அடுத்த கேள்விகள் தானாக வரும். எத்தனை நடை? சோறு முக்கியமா, தண்ணீர் முக்கியமா? கைக்குழந்தைக்கு என்ன? சர்க்கரை நோயாளிக்கு என்ன? கணக்கில் பாதி போட்டால் பாதிப் பேர் பட்டினி. இங்கே போய் "விடை தப்பானாலும் என் அணுகுமுறை சரி" என்று சொல்ல முடியுமா? கிராமத்தில் அண்டாவை அடுப்பில் ஏற்றியவர்கள் யாரும் சர்க்கிள்ஸ் படித்தவர்கள் இல்லை. ஐம்பது பேர் பந்திக்கு எத்தனை படி அரிசி என்று வருஷா வருஷம் கோயில் கொடையில் பார்த்துப் பார்த்துத் தெரிந்தவர்கள். அவர்கள் கணக்கு தப்பினால் கடைசிப் பந்தியில் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் அவர்களுக்கு வாத்தியார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தோராயக் கணக்கு என்பது சரிபார்ப்போடு சேர்ந்தால்தான் ஒரு திறமை. சரிபார்க்காத தோராயம் வெறும் வாய்ச்சவடால்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் தாத்தா என்றால் என்ரிகோ ஃபெர்மிதான். சிகாகோவில் எத்தனை பியானோ ட்யூனர்கள் என்ற கேள்வியை அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். அதை எல்லா கோச்சிங்கிலும் சொல்லிவிடுவார்கள். 1945 ஜூலை 16-ம் தேதி நடந்ததை அத்தனை பேரும் சொல்வதில்லை. அமெரிக்கா முதல் அணுகுண்டைச் சோதித்தபோது ஃபெர்மி பத்து மைல் தள்ளி நின்றார். அதிர்வலை வந்த நேரத்தில் துண்டுக் காகிதங்களைக் கையிலிருந்து விழவிட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதை வைத்து, வெடித்தது பத்தாயிரம் டன் டி.என்.டி.க்குச் சமம் என்று கணித்தார். பின்னர் அளந்தபோது அது இருபதாயிரம் டன்னைத் தாண்டியது. இரண்டு மடங்கு தப்பு! ஆனாலும் அது மகத்தான கணிப்பு. ஏன்? கையில் இருந்தது சில காகிதத் துண்டு மட்டுமே. கருவிகள் அளந்த விடையோடு ஒப்பிட்டு எவ்வளவு தப்பு என்று பார்க்கவும் முடிந்தது. இண்டர்வியூ அறையில் சொல்லப்படும் இட்லிக் கணக்கை இதுவரை யாராவது போய் எண்ணிப் பார்த்ததுண்டா?

அடுத்த குறை. இந்தக் கேள்விகளில் பாதி, யோசிக்கத் தெரிகிறதா என்று கேட்பதில்லை. எங்கே வளர்ந்தாய் என்று கேட்கின்றன. கோல்ஃப் பந்தைக் கையில் தொட்டவனுக்கு அதன் அளவு தெரியும். ஏரலிலிருந்து பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போகிற பெண் அதை முதலில் கற்பனை செய்ய வேண்டும், பிறகுதான் கணக்கு. சரி, கேட்கிறவர்கள் மாறுகிற வரை அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்காக மன்ஹாட்டனின் மக்கள்தொகையை மனப்பாடம் செய்வதும் தீர்வில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிறவனுக்குக் கணக்குப் பழக இடமா இல்லை?

சில உதாரணங்கள் மட்டும்.

ஒன்று, வாழை. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வாழைத் தோட்டத்துக்குக் குறைவில்லை. ஒரு ஏக்கரில் எத்தனை வாழை? ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஒரு வாழைக்கு 36 சதுர அடி. வகுத்தால் 1,210. வாய்க்கால், வரப்பு, நடைபாதைக்குப் பத்து சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 1,100. ஏழடிக்கு ஏழடி என்றால் அதுவே 900-க்குக் கீழே வந்துவிடும். ஓர் அடி வித்தியாசத்தில் முந்நூறு வாழை போய்விடுகிறது பாருங்கள்! எந்த ஊகம் விடையைப் புரட்டிப் போடும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வித்தையின் உயிர். கோச்சிங்கில் இதை 'சென்சிட்டிவிட்டி' என்று கடைசிப் பாடத்தில் வைத்திருப்பார்கள். தோட்டத்தை மொத்தமாக விலைபேச வருகிற அண்ணாச்சிக்கு இது முதல் பாடம். சரிபார்க்க வேண்டுமா? இரண்டு வரிசையை எண்ணிப் பார்த்தால் போதும்.

இரண்டு, அணை. பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, கொள்ளளவு ஏறக்குறைய 5,500 மில்லியன் கன அடி. அணை நிறைந்திருக்கிறது, நீர்வரத்து துளியும் இல்லை, விநாடிக்கு 1,000 கன அடி திறக்கிறார்கள். எத்தனை நாளைக்கு வரும்? ஒரு நாளைக்கு 86,400 விநாடி. எனவே ஒரு நாள் செலவு 86.4 மில்லியன் கன அடி. வகுத்தால் 64 நாள். நெல்லுக்கு நூறு நாளுக்கு மேல் தண்ணீர் வேண்டும். அப்படியானால் பாபநாசம் நிறைந்தாலும் அதை மட்டும் நம்பிக் கார் சாகுபடி முழுக்க ஓட்ட முடியாது, தென்மேற்குப் பருவமழை மலையில் தொடர்ந்து பெய்தாக வேண்டும் என்று ஒரே ஒரு வகுத்தலில் தெரிந்துவிட்டது. அடியில் கிடக்கும் எடுக்க முடியாத தண்ணீர், ஆவியாவது எல்லாம் சேர்த்தால் நாள் இன்னும் குறையும். சரிபார்க்க வழி? அணைகளின் நீர்மட்டம் பேப்பரில் வருகிறது. பத்து நாள் வெட்டி ஒட்டினால் போதும்.

மூன்று, மழை. அதே 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் 60 செ.மீ.க்கும் மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் 60 செ.மீ. தண்ணீர் என்றால் ஆறு லட்சம் கன மீட்டர், அதாவது 60 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 60,000 லாரி. அதுவும் ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு! ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, 1870-களில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய் 2015-ல் தூர்வாரத் தொடங்கிய அணைக்கட்டும் அதுதான். "தூர்வாரியிருந்தால் வெள்ளமே வந்திருக்காது" என்று ஒருவர் சொன்னாலும், "தூர்வாரியும் பிரயோஜனமில்லை" என்று இன்னொருவர் சொன்னாலும், முதலில் இந்த 60,000 லாரிக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேச வேண்டும். அணைக்கட்டுக்குப் பின்னால் எவ்வளவு கொள்ளும், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வந்தது என்ற இரண்டு எண் இல்லாமல் பேசினால் இரண்டுமே வெறும் சத்தம்.

நான்கு, கூட்டம். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை. கூட்டம் "லட்சக்கணக்கில்" என்று வாய்கூசாமல் சொல்வார்கள். 300 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத் தெருவில் சதுர மீட்டருக்கு மூன்று பேர் நெருக்கி நின்றால் 9,000 பேர். லட்சம் பேர் வேண்டுமென்றால் அந்த மாதிரி பதினொரு தெரு வேண்டும். மொட்டை மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துத் தலையை எண்ணினால் சந்தேகம் தீர்ந்தது.

இந்த நாலையும் செய்து பார்த்தவன், இண்டர்வியூவில் இட்லிக் கேள்வி வந்தால் மக்கள்தொகையில் தொடங்க மாட்டான். "ஒரு ஹோட்டலில் ஒரு கொப்பரையில் எத்தனை இட்லி, காலையில் எத்தனை ஈடு" என்று அடியிலிருந்து தொடங்குவான். பிறகு மக்கள்தொகை வழியாகவும் போட்டுப் பார்ப்பான். இரண்டு விடையும் பத்து மடங்கு தள்ளிப்போனால் எங்கோ தப்பு என்று அவனே சொல்லுவான். முடிவில், "இதைச் சரிபார்க்க வேண்டுமானால் மாவு அரைக்கும் கடைகளில் போய் விசாரிப்பேன்" என்பான். கேட்கிறவர் விவரமானவர் என்றால் அந்தக் கடைசி வாக்கியத்துக்கே வேலை கொடுப்பார். விவரமில்லாதவர் என்றால்? அந்தக் கம்பெனியில் என்னத்தைச் செய்யப்போகிறார்கள்!

"இதெல்லாம் பேச நன்றாக இருக்கும், அவர்கள் ஃபார்முலாவைத்தானே எதிர்பார்க்கிறார்கள், வேலை வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் கடன் இருக்கிறவனிடம் போய் லட்சியம் பேசக்கூடாது. ஃபார்முலாவை ஒரு சாயங்காலம் படித்தால் போதும், அதில் இருப்பது அவ்வளவுதான். கண்டிக்க வேண்டியது, அதற்காக ஆறு மாதத்தையும் பல ஆயிரம் ரூபாயையும் கொட்டுவதை. ப்ராடக்ட் கம்பெனி என்றால் பெங்களூரில் மட்டும்தான் என்ற காலமும் போய்விட்டது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோஹோ அலுவலகம் திறந்துவிட்டது. நாளை வாழை விவசாயிக்கு ஒரு மென்பொருள் செய்கிறவனுக்கு மன்ஹாட்டன் பெட்ரோல் பங்க் உதவுமா, ஏக்கருக்கு எத்தனை வாழை என்று தெரிந்திருப்பது உதவுமா?

தமிழில் இந்த வித்தைக்குக் 'குத்துமதிப்பு' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். நெல்லைச் சீமையில் நிலத்தையே எவ்வளவு விதை பிடிக்கும் என்று 'கோட்டை விதைப்பாடு' கணக்கில் அளந்தவர்கள் இருந்தார்கள். அந்த மண்ணில் பிறந்துவிட்டுக் குத்துமதிப்பைக் காசு கொடுத்து மனப்பாடம் செய்வது, தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு பாட்டில் தண்ணீர் வாங்குகிற கதைதான்.

பி.கு: வீட்டுப்பாடம் ஒன்று. 800 பேர் ரயிலில் கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? பெட்டிகளின் தொட்டியில் இருப்பது எத்தனை மணி நேரம் தாங்கும்? விடையோடு, அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் எழுதிப் பாருங்கள். இரண்டாவதை எழுதாதவர்களுக்கு மார்க் கிடையாது :-)