இலவச வைத்தியம் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது?

"ஒராளின்ர ஆசைக்கு அரசாங்கம் காசு குடுக்கோணுமோ?" திருநம்பிகளின் மார்புச் சத்திரசிகிச்சை பற்றி எங்கே கதைத்தாலும் முதலில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். கேட்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. படித்தவர். "எனக்கு அவையளோட ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டு தொடங்கித்தான் கதைப்பார். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இரண்டு பொய்கள் ஒளிந்திருக்கின்றன. இது வெறும் ஆசை என்பது ஒன்று. இப்போது இதற்கான செலவை யாரும் சுமக்கவில்லை என்பது மற்றது.

முதலாவதை முதலில் பார்ப்போம். டொப் சேர்ஜரி என்பது இரண்டு மார்பகங்களின் திசுவையும் அகற்றி, நெஞ்சைத் தட்டையாக, ஆணின் நெஞ்சு வடிவத்தில் அமைக்கிற சத்திரசிகிச்சை. மார்பு சிறிதென்றால் முலைக்காம்பைச் சுற்றிய சிறு வெட்டுக்குள்ளால் செய்யலாம். பெரிதென்றால் இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி, முலைக்காம்பை எடுத்துச் சிறிதாக்கித் திரும்பப் பொருத்துவார்கள். இதைச் செய்யாத திருநம்பிகள் பலர் ஒவ்வொரு நாளும் பைண்டர் போடுகிறார்கள். நெஞ்சை இறுக்கி அமுக்குகிற உடுப்பு அது. அதைக் கனநேரம் போட்டிருந்தால் மூச்சு முட்டும், விலா நோகும், தோல் புண்ணாகும். பைண்டர் வாங்க வழியில்லாதவர்கள் கிறேப் பண்டேஜைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. சித்திரை வெயிலில், மின்விசிறி சுற்றாத விரிவுரை மண்டபத்தில், அப்படிக் கட்டிக்கொண்டு காலை எட்டிலிருந்து பின்னேரம் நான்கு மணி வரைக்கும் இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகு ஆசை எண்டு சொல்லுங்கோ.

மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தலின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பாலின முரண்நிலை மனநோய் அத்தியாயத்தில் இருந்து எடுக்கப்பட்டு, பாலியல் சுகாதாரம் பற்றிய அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. அதே 2022இல் டபிள்யூபாத் எனப்படும் சர்வதேசத் திருநர் சுகாதார நிபுணர் சங்கம் தன்னுடைய வழிகாட்டியின் எட்டாவது பதிப்பை வெளியிட்டது. இந்தச் சிகிச்சைகளை அது மருத்துவத் தேவை என்றுதான் சொல்கிறது. அழகுபடுத்தல் என்று சொல்லவில்லை. ஹோமோன் எடுத்தால்தான் மார்புச் சத்திரசிகிச்சை என்ற நிபந்தனையும் அதில் இல்லை.

இனி இரண்டாவது பொய். செலவு ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டுகிறவர் நோயாளி.

2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மனநல வைத்திய நிபுணர் ஒருவர் கையெழுத்திடுகிற பாலின அங்கீகாரச் சான்றிதழோடு பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போனால் பிறப்புச் சான்றிதழில் பாலைத் திருத்தலாம். அதை வைத்து அடையாள அட்டை, கடவுச்சீட்டு. தெற்காசியாவில் இப்படி ஒரு வழி இருப்பது சின்ன விசயமில்லை. ஆனால் அந்த வழியில் நடக்கிறவர் எங்கே இருந்து நடக்கத் தொடங்குகிறார் என்று சுற்றறிக்கை கேட்கவில்லை. திருநர் சிகிச்சையில் பழக்கமுள்ள நிபுணர்களும், மார்புச் சத்திரசிகிச்சை செய்ய முன்வருகிற ஒரு சில சத்திரசிகிச்சை நிபுணர்களும் பெரும்பாலும் கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலையில் இது இலவசம். ஆனால் வரிசை நீளம். தனி ஒரு வைத்தியரின் விருப்பத்தில் தங்கியிருக்கிற சேவை அவருக்கு இடமாற்றம் வந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மட்டக்களப்பில் இருந்து 300க்கு மேல். ஒரு கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் ஓர் இரவு பஸ், ஒரு பகல் வரிசை, திரும்ப ஓர் இரவு பஸ். அதுவும் ஒரு தரத்தோடு முடியாது. மனநல நிபுணரிடம் பல தரம், ஹோமோன் எடுக்கிறவரென்றால் அதற்கான நிபுணரிடம், இரத்தப் பரிசோதனைக்கு, சத்திரசிகிச்சை நிபுணரிடம், மயக்க மருந்துக்கு முன்னான பரிசோதனைக்கு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு சம்பளமில்லாத நாள், ஒரு தவறவிட்ட விரிவுரை, வீட்டில் சொல்லுகிற ஒரு புதுப் பொய்.

அந்தப் பொய்யைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும். ஏனென்றால் திருநம்பியின் பயணத்தில் மட்டும் உள்ள ஒரு தடை இது. அவர் தன்னை ஆணாக அறிகிறார். வீடு அவரை மகளாக வளர்க்கிறது. "பொம்பிளைப் பிள்ளை தனிய இரவு பஸ்ஸில கொழும்புக்கோ? ஆரோட? எங்க தங்கிறது?" எண்டு கேட்கிற வீடுகள்தான் எங்கட வீடுகள். எந்த உடம்பை மாற்றச் சிகிச்சைக்குப் போகிறாரோ, அந்த உடம்பைக் காட்டித்தான் அவரை வாசலில் மறிக்கிறார்கள். தப்பி வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை கேட்டால் அடையாள அட்டை கேட்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடத் தொடங்கிச் சில மாதத்தில் குரல் உடையும், தாடி முளைக்கும். அட்டையிலோ பெண் பெயர். தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பற்றியது. அதையும் அலைந்து திரிவோர் பற்றிய பழைய கட்டளைச் சட்டத்தையும் பொலிஸ் திருநர் மேல் பாவிக்கிறதை ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் தன்னுடைய 2016 அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. ஒரு அறைச் சாவி வாங்குகிறதுக்கே இவ்வளவு பயம்.

சரி, காத்திருக்க முடியாது, தனியாரில் செய்யலாம் என்று வைப்போம். கணக்கு இலட்சங்களில் போகும். ஒரு பேச்சுக்கு 5 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயில் இருந்து 7,500க்குக் கூட்டப்பட்டது. அதில் ஒரு சதமும் சாப்பிடாமல், ஒரு போட்டோக்கொப்பியும் எடுக்காமல் சேர்த்தால் 5 இலட்சம் சேர 66 மாதத்துக்கு மேல் எடுக்கும். பட்டம் நான்கு வருடம், அதாவது 48 மாதம்.

அதுவும் சத்திரசிகிச்சைக்கு மட்டும். பில்லில் வராத செலவுதான் கூட. மார்பில் சேருகிற திரவத்தை வெளியேற்றக் குழாய் பொருத்தியிருந்தால் அதை எடுக்கும்வரை, ஏறக்குறைய ஒரு கிழமை, வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்க வேண்டும். முதல் நாட்களில் உள்ளே இரத்தம் கட்டினால் உடனே திரும்பச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போக வேண்டி வரும். அதனால் அடுத்த நாளே பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற கதை இல்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. சில கிழமைக்கு இறுக்கமான மேற்சட்டை போட்டிருக்க வேண்டும். முதல் நாட்களில் தலைமயிர் கழுவவும் ஆள் வேணும். துணைக்கு நிற்கிற ஆளுக்கும் சாப்பாடு, தங்குமிடம், சம்பளமில்லாத நாள். வீட்டில் சொல்ல முடியாதவருக்கு அந்தத் துணை யார்?

கம்பஸில் படிக்கிறவர் என்றால் இன்னொரு கணக்கு. ஒரு செமஸ்டர் 15 கிழமை, வரவு 80 வீதம் வேண்டும். அதாவது 3 கிழமைதான் தவறவிடலாம். பாரம் தூக்காமல் இருக்கவே 4 முதல் 6 கிழமை தேவைப்படுகிற சிகிச்சைக்கு அது போதாது. மருத்துவச் சான்றிதழ் குடுத்தால் சரிதானே எண்டு கேட்பீர்கள். குடுக்கலாம். அதில் என்ன எழுதியிருக்கும், அது எத்தனை மேசை தாண்டிப் போகும், மாலைக்குள் எத்தனை வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்?

"அப்ப இந்தியாவுக்குப் போகலாமே, கிட்டத்தானே" என்பது அடுத்த புத்திமதி. கிட்டத்தான். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பலும் தொடங்கியது. தமிழ்நாடு 2008இலேயே திருநர்களுக்கு நலவாரியம் அமைத்தது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சிகிச்சைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் வசதி செய்ய வேண்டும் என்கிறது. அதெல்லாம் அங்கே போராடியவர்கள் அந்த நாட்டுக் குடிமக்களுக்காக வாங்கியது. நாங்கள் போனால் வெளிநாட்டு நோயாளி. மருத்துவ விசா, வெளிநாட்டவருக்கான தனியார் பில், இரண்டு பேருக்கு ரிக்கற். கடவுச்சீட்டில் பெண் பெயர், முகத்தில் தாடி, குடிவரவு மேசையில் கேள்வி. திரும்பி வந்த பிறகு காயம் பழுதானால் யாரிடம் காட்டுவது? 2022இல் ரூபாய் விழுந்தபோது, வெளிநாட்டுச் சிகிச்சைக்காகச் சேர்த்து வைத்த காசு ஒவ்வொன்றும் சில மாதத்தில் ஏறக்குறைய பாதியாகியது. அந்த வழியை ஒரு தீர்வு எண்டு அரசாங்கத்தின் பக்கம் நிண்டு சொல்லாதேங்கோ. காசுள்ளவர் தப்பிக்கிற கதவு அது.

"நாட்டில பனடோலே இல்லாமக் கிடந்தது, இதுக்குள்ள இது தேவையோ?" என்பதுதான் கடைசி அஸ்திரம். நெருக்கடி உண்மை. ஆனால் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் புது யந்திரம் எதுவும் கப்பலில் வர வேண்டியதில்லை. புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றுகிற சத்திரசிகிச்சை வடக்கிலும் கிழக்கிலும் நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பெண் மார்பைத் திரும்ப அமைக்க விரும்பினால் நாங்கள் அதை ஆசை என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஹோமோன் கோளாறால் மார்பு வளர்ந்த ஆண் அதை அகற்றினாலும் யாரும் வரி செலுத்துவோரின் காசைப் பற்றிக் கதைப்பதில்லை. கத்தி அதேதான், கையும் அதேதான். தேவைப்படுவது பயிற்சி, எழுத்திலான வழிகாட்டி, சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒதுக்கிய நேரம்.

தூரமும் நோயின் ஒரு பகுதிதான் என்பதை எங்கள் சமூகம் ஏற்கனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு மகரகமைக்குப் போய் வந்தே களைத்துப்போன வடக்கு நோயாளிகளுக்காக, 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்தார்கள். தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை அப்படித்தான் எழும்பியது. அப்போது யாரும் "கொழும்பில இருக்குத்தானே, அங்க போகட்டும்" எண்டு சொல்லவில்லை. அந்த நியாயம் ஒரு நோயாளிக்குப் பொருந்தும், இன்னொரு நோயாளிக்குப் பொருந்தாது என்றால் பிரச்சினை காசில் இல்லை.

எங்கட பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரைட் மாதத்தில் வானவில் போஸ்டர் போடுகிறோம், கருத்தரங்கு வைக்கிறோம். திருநங்கை என்ற சொல் தமிழில் ஊன்றிய அளவுக்குத் திருநம்பி என்ற சொல் ஊன்றவில்லை, எங்கள் கூட்டங்களிலும் அவர்களின் கதிரை பெரும்பாலும் வெறுமை. யாருக்காவது சேர்ஜரிக்குக் காசு தேவைப்பட்டால் ஒன்லைனில் நிதி சேர்க்கச் சொல்கிறோம். அதற்கு அவர் தன் முகத்தையும் கதையையும் ஊர் முழுக்கப் பரப்ப வேண்டும். சிகிச்சைக்கு விலையாகத் தன் பாதுகாப்பைக் கட்டச் சொல்வது ஆதரவில்லை.

கேட்க வேண்டியவை இவை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள போதனா வைத்தியசாலைகளில் மதிப்பீட்டையும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பையும் முதலில் தொடங்க வேண்டும். கொழும்புக்குப் போவது சத்திரசிகிச்சைக்கு ஒரே ஒரு தரமாக இருக்க வேண்டும், பிறகு அதுவும் இங்கே வர வேண்டும். தமிழில் கதைக்க வேண்டும். தன் உடம்பைப் பற்றித் தாய்மொழியிலேயே சொல்லத் தடுமாறுகிற ஒருவரை அரைகுறைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மதிப்பிட முடியாது. காத்திருப்போர் பட்டியலில் தான் எத்தனையாவது ஆள் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும். தூரத்தில் இருந்து வருகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பயணச் செலவு கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் சிகிச்சையின் பெயரைக் கேட்காமல் மருத்துவ விடுப்பு கொடுக்க வேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. கொழும்பில் அறை எடுத்து இருக்கிற நண்பர்கள் இதை வாசிக்கிறீர்கள். இரண்டு கிழமை ஒரு கட்டில் தர முடியுமா? வைத்தியசாலை வாசலில் துணை என்று கையெழுத்துப் போட முடியுமா? நோட்ஸ் எடுத்து வைத்து, "எங்க போனவன்?" எண்டு கேட்கிறவையிட்ட ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியுமா? முடிந்தால் செய்யுங்கோ. ஆனால் அதைச் செய்துகொண்டே அமைச்சுக்கும் எழுதுங்கோ. நண்பர்களின் நல்ல மனதில் ஓட வேண்டிய சேவை இல்லை இது. இலவச வைத்தியம் எங்கள் எல்லாருடைய உரிமை எண்டு சொல்லிச் சொல்லியே வளர்ந்தனாங்கள். அந்த 'எல்லாருக்குள்ளும்' இவர்களும் இருக்கிறார்கள்.