தாம்பரத்துக்கு வேண்டியது ஆண்டுக் கணக்கு

இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் முதன்முதலாக மின்சார ரயில் ஓடியது சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில்தான். ஆண்டு 1931. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், திறந்தவெளிக் காற்றே காசநோய்க்கு மருந்து என்று நம்பிய டாக்டர் சவுரி முத்து இங்கே தன் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். அதன் நினைவாகத்தான் இன்றும் ‘சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நல்ல காற்றும் மின்சார ரயிலும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. ரயில் முதலில் வந்தது. குரோம்பேட்டையும் சிட்லபாக்கமும் சேலையூரும் அதை நம்பிப் பின்னால் வளர்ந்தன. நீண்டகாலத் திட்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ரயிலைத்தான் காட்டுவேன்.

நான் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்தத் தென்புறநகரில்தான் கழிந்தது. எந்தத் தெருவில் எந்த டிரான்ஸ்பார்மர் ஏப்ரல் மாத இரவில் சூடேறும், எந்த பில்லர் பெட்டியை மழைத்தண்ணீர் முதலில் தொடும் என்பதெல்லாம் கையால் தொட்டு அறிந்த விஷயங்கள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: பருவநிலை மாற்றத்தையும் தூய மின்சாரத்தையும் பற்றி இந்த ஊருக்கென்று தனித் திட்டம் வேண்டும். அது 2050ஐ நோக்கிய கனவாக மட்டும் இல்லாமல், ஆண்டுதோறும் மக்களுக்குக் கணக்கு காட்டுகிற திட்டமாக இருக்க வேண்டும்.

எல்லையில் நிற்கும் திட்டம்

பெருநகரச் சென்னை மாநகராட்சி 2023இல் தன் பருவநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது அதன் இலக்கு. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால், அது 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சிக்கான திட்டம். தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். பழைய ஊராட்சிச் சாலைகளின் மேல் ஒரு மாநகரம் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீரும் வெப்பமும் மாநகராட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் பெய்யும் மழை சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. இங்கே ஏரியில் கலக்கும் சாக்கடை அங்கே அந்த ராம்சார் சதுப்புநிலத்தில் இறங்குகிறது. மேலே இருக்கிற ஊருக்குத் திட்டம் இல்லாமல் கீழே இருக்கிற ஊர் மட்டும் பிழைத்துவிட முடியாது.

ஏப்ரல் இரவு

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த உயரத்துக்கு அதை ஏற்றியதில் நம்மைப் போன்ற புறநகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சேலையூரில் நான் பணிக்கு வந்தபோது ஒரு மனையில் ஒரு வீடு. ஒரு மின்விசிறி, ஒரு கிணற்று மோட்டார். இன்று அதே மனையில் வண்டி நிறுத்தக் கீழ்த்தளம் விட்டு மேலே ஆறு வீடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஏசி. மாமரமும் வேம்பும் போன இடத்தில் சிமென்ட் தரை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவில் அதைத் திருப்பிக் கக்குகிறது. எனவே, இரவு பத்து மணிக்குமேல்தான் எங்கள் ஃபீடர்களில் சுமை ஏறும்.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ஏப்ரல் இரவில் சூரியன் இல்லை. ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும் காற்றாலைகள் வேகம் பிடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று வந்த பிறகுதான். அந்த இடைவெளியில் நம் ஏசிகளை ஓட்டுவது பெரும்பாலும் நிலக்கரி. நாம் சேலையூரில் குளிர்ச்சியாகத் தூங்குவதற்காக எண்ணூர் மக்கள் சாம்பலைச் சுவாசிக்கிறார்கள். இதைச் சொல்லாமல் தூய ஆற்றல் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

கூரைச் சூரிய மின்சாரம் இதற்கு முழு விடை ஆகாது. ஆனால், விடையின் பெரிய பகுதி அதுதான். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மாடி போதும். நம் வெயிலுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் கிடைக்கும். மூன்று கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டதே என்று ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பதறும் குடும்பத்துக்கு இது என்ன நிம்மதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது.

பின் ஏன் மாடிகள் வெறுமையாகக் கிடக்கின்றன? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போய்ப் பேசும்போது எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான்: “சார், மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. பேனல் வெச்சா யாருக்குக் கரன்ட் குறையும்? துணி எங்க காயப்போடறது, வடாம் எங்க போடறது?” நியாயமான கேள்விகள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி: வீட்டு இணைப்பை விட்டுவிடுங்கள், பொது இணைப்பிலிருந்து தொடங்குங்கள். மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு மூன்றும் அந்த இணைப்பில்தான் ஓடுகின்றன. அதற்கு வீட்டு இணைப்பைப் போல 100 யூனிட் இலவசமும் கிடையாது. அதே மத்தியத் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பேனலை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வைத்தால் கீழே துணியும் காயும், வெயிலும் குறையும். விடியற்காலையில் போடும் மோட்டாரை மதியம் பன்னிரண்டுக்குப் போட்டால் சூரிய மின்சாரம் அப்படியே தொட்டியில் தண்ணீராக ஏறிவிடும். பேட்டரி இல்லாமலே வெயிலைச் சேமிக்கும் எளிய வழி அது.

மாநகராட்சியும் இதையே செய்யலாம். குடிநீர் நீரேற்று நிலையம், பள்ளிக்கூடம், மண்டல அலுவலகம், சுகாதார நிலையம் எல்லாம் பகலில் மின்சாரம் செலவாகும் இடங்கள். சூரியனும் செலவும் ஒரே நேரத்தில் வருகின்றன. முதலில் அரசுக் கட்டடத்தின் கூரை மின்னட்டும். பிறகு குடியிருப்போரைக் கேட்கும் தகுதி தானே வரும்.

ஏரி என்றால் மின்சாரம்

தண்ணீரைத் தனித் துறையாகவும் மின்சாரத்தைத் தனித் துறையாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். நெம்மேலியில் நாள்தோறும் 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென்சென்னைக்கும் புறநகருக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால், கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்திப் பிழிய ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். ஆலை முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு நாலரை லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. வானம் ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளில் சும்மா கொட்டுகிற தண்ணீரைச் சாக்கடையாக்கிவிட்டு, கடலிலிருந்து மின்சாரம் செலவழித்துத் தண்ணீர் எடுக்கிறோம். நாம் பாழாக்கும் ஒவ்வோர் ஏரிக்கும் எங்கோ நிலக்கரி எரிகிறது.

இந்த வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிப் பள்ளிக்கரணையை அடையும்படி முன்னோர்கள் அமைத்து வைத்தார்கள். அந்தச் சங்கிலியை மீட்க முடியும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 2019 வறட்சியில் சிட்லபாக்கம் ஏரி வற்றிக் கிடந்தபோது ஊர்மக்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். அந்த ஆண்டே அரசு 25 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த், சென்னை ஐஐடி ஆகியவை சேர்ந்து மீட்புப் பணி செய்தன. ஆனால், எத்தனை முறை தூர் வாரினாலும், ஏரிக்குள் வரும் சாக்கடையை நிறுத்தாவிட்டால் பயனில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத வார்டுகளில் அதை முடிப்பதுதான் தாம்பரத்தின் முதல் பருவநிலைத் திட்டம் என்பேன். அது சாதாரண வேலைபோலத் தோன்றலாம். ஏரியைக் காப்பதும் மின்சாரத்தைக் காப்பதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

மழை அதிகமானாலும் இதே கதைதான். 2015 டிசம்பர் முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் இடைப்பட்ட 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் நீரில் மூழ்கின. பில்லர் பெட்டி தண்ணீருக்குள் நிற்கும் தெருவில் மின்சாரம் விட முடியாது; உயிர் போய்விடும். “எப்ப சார் கரன்ட் வரும்?” என்று கேட்டவர்களிடம் “தண்ணி வடியட்டும்மா” என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகள் மறுபடியும் மூழ்கின. எங்கே தண்ணீர் நிற்கும் என்று மின்வாரியக் களப்பணியாளருக்குத் தெரியும், நீர்வளத் துறைக்குத் தெரியும், ஊராருக்கும் தெரியும். மூன்று பேருடைய அறிவையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, பில்லர் பெட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் அந்த வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது ஒரு பருவநிலைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வரிசை மாறினால்

1931இல் மின்சார ரயில் முதலில் வந்தது, ஊர் பின்னால் வந்தது என்றேன். கிளாம்பாக்கத்தில் அந்த வரிசை தலைகீழானது. 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது அதற்கான ரயில் நிலையம் இல்லை. மெட்ரோவும் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கும் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோவையும் காரையும் தேட வேண்டியதாயிற்று. ஜிஎஸ்டி சாலையில் அவற்றின் புகையைப் பெருங்களத்தூர்க்காரர்கள் சுவாசிக்கிறார்கள். பொதுப் போக்குவரத்து முதலில், பெரிய கட்டடம் பிறகு என்ற விதியைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இப்போது தயாரித்துவரும் 2027-2046க்கான மூன்றாவது முழுமைத் திட்டம் உறுதியாக எழுத வேண்டும். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது நல்ல செய்தி. அதைப் போன்ற சிறு மின்சாரப் பேருந்துகள் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ரயில் நிலையங்களிலிருந்து உள்தெருக்களுக்குள் ஓட வேண்டும். நிலையம்வரை பாதுகாப்பாக நடக்க ஒரு நடைபாதை இருந்தாலே பல இரு சக்கர வாகனங்கள் வீட்டில் நிற்கும்.

யார் கேட்பது?

சாலையும் குப்பையும் சரியில்லாத ஊருக்குப் பருவநிலைத் திட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் மேலே சொன்ன சாக்கடை, ஏரி, பேருந்து, பள்ளிக் கூரை ஆகியவற்றில் எது நம் அன்றாடத் தேவைக்கு அப்பாற்பட்டது? இரண்டும் ஒரே வேலை, ஒரே செலவு. ஒரு நோக்கத்தோடு, வரிசை தவறாமல் செய்தால் போதும்.

அதற்கான அரங்கும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கிய 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்து அமர்ந்தது நம் பம்மலில் கூடிய சபையில்தான். ஆண்டுதோறும் அந்த நாளில் மாநகராட்சி ஆறு எண்களை வார்டு வாரியாக மக்கள்முன் வைக்கட்டும்: மாநகராட்சி வாங்கிய மின்சாரம் எவ்வளவு, தன் கூரைகளில் உற்பத்தி செய்தது எவ்வளவு, சாக்கடை கலக்கும் ஏரி வாய்கள் எத்தனை, அடைத்தவை எத்தனை, தரம் பிரிக்காமல் போன குப்பை எத்தனை டன், மழைநீர் நின்ற தெருக்கள் எத்தனை. கடந்த ஆண்டின் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த ஆண்டின் எண். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மறைக்காமல் சொல்லும் மனம் போதும்.

2022 பிப்ரவரியில் நாம் தேர்ந்தெடுத்த மாமன்றத்துக்கு ஐந்து ஆண்டுக் காலம். 2050க்குள் இப்படிப் பல மாமன்றங்கள் வந்துபோகும். ஒவ்வொன்றும் அடுத்ததன் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டால் இலக்கு காகிதத்தில்தான் இருக்கும். வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த ஆறு எண்களையும் கேளுங்கள். தெரியாது என்றால், பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே வெளியிடுவதாக எழுதி வாங்குங்கள். அடுத்த பகுதி சபைக்குத் தவறாமல் போங்கள். அங்கேயும் இதையே கேளுங்கள்.