ஓசையிழந்த பாட்டு

பால்டிக் கடலோரத்து எசுத்தோனியா, ஏறத்தாழ 13 இலட்சம் மக்களே வாழும் சிறு நாடு. ஆங்கு 1996ஆம் ஆண்டு யான்-எய்க் துல்வே நிறுவிய 'வோக்ஸ் கிளமான்டிஸ்' என்னும் பாடற்குழு, இடைக்கால ஐரோப்பிய மடங்களில் இலத்தீன் மொழியில் ஒருகுரலாய் ஒலித்த கிரெகோரியப் பாடல்களையும், ஆர்வோ பார்ட் போன்ற இக்கால இசைவாணரின் படைப்புகளையும் பாடி வருகின்றது. இலத்தீன் இன்று எவருக்கும் தாய்மொழியன்று. எசுத்தோனியரும் சமயப் பற்றால் பெயர்பெற்றவர் அல்லர். எனினும், அப்பழைய ஓசை அவர்தம் நாவில் உயிர்த்து நிற்கின்றது.

தமிழர் நிலை யாது? தேவாரத்தைப் பண்முறையாகவே தொகுத்தனர் முன்னோர். திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் முழக்க இருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தியதைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. ஆனால், அப்பதிகம் இன்று வகுப்பறையுள் நுழையும்போது அருஞ்சொற்பொருளாகவும் பொழிப்புரையாகவும் சுருங்கிவிடுகின்றது. கொல்லி, தக்கேசி என்பன பண்ணின் பெயர்கள் என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், அவற்றை ஒருமுறையேனும் காதாரக் கேட்டதுண்டா?

யாப்பின் கதியும் இதுவே. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று ஓசையைக் கொண்டே பாக்களை வேறுபடுத்துகின்றது இலக்கணம். இன்றைய கல்வியோ 'தேமா, புளிமா' என்று அலகிடுவதோடு அமைகின்றது. செவியால் உணர வேண்டியதைக் கரும்பலகையால் உணர்த்த முயல்வது, கரும்பின் சுவையைச் சொல்லால் ஊட்டுவது போன்றதன்றோ?

"தேர்வுக்கே நேரம் போதவில்லை, பாடுவதற்கு நேரம் ஏது?" என்பார் உளர். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982ஆம் ஆண்டு மூடப்பட்டபின், தமிழ் ஒரு பாடமாகவே எஞ்சியது. ஆங்கிலமே பேச்சுமொழியாகிவிட்ட இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழோசை கேட்கும் இடமே அந்த ஒரு பாடவேளைதான். அதையும் ஓசையற்றதாக்கினால், அப்பிள்ளை தமிழைக் கேட்பது எங்கே?

"பல சமயத்தார் பயிலும் பள்ளியில் பக்திப் பாடலா?" என்பார் வேறு சிலர். அவர்க்கும் விடையுண்டு. சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் ஆய்ச்சியர் குரவையும் இசைப்பாட்டுகளே. வீரமாமுனிவரின் தேம்பாவணியும், உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வாய்விட்டுப் பாடத்தக்க விருத்தங்களால் ஆனவை. தேவாரத்தோடு இவற்றையும் சேர்த்துப் பாடினால், எச்சமயப் பிள்ளையும் அயலாகான்.

சிராங்கூன் சாலையில் ஒலிபெருக்கி பாடுகின்றது. கடந்து செல்லும் மாணவன் வாய்மூடிச் செல்கின்றான். பதிவுநாடா ஓசையைச் சேமிக்கும், வாழ்விக்காது. வாழ்விப்பது மனிதக் குரலே. வாரம் ஒரு செய்யுளை வகுப்பு முழுவதும் ஒருகுரலாய்ப் பாடுவதற்குப் பொருட்செலவும் இல்லை, அரசாணையும் வேண்டுவதில்லை. ஆசிரியர் முதலில் வாய்திறந்தால் போதும். மாணவர் குரல் தானே தொடரும்.