சென்சாரை மாற்றுவதற்கு முன்

வீட்டு வாசலில் வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது அதில் ஒரு பயம் கலந்துவிட்டது. வேலை முடிந்து சாவியைத் திருப்பினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைய மாட்டேன் என்கிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், "சென்சார் போச்சு சார், மாத்தணும்" என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொல்கிறார்கள். "இனிமே வீட்டுல கை வைக்காதீங்க" என்ற அறிவுரை மட்டும் இலவசம்.

இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. பாகத்தை மாற்றுவது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு. முதலில் நடக்க வேண்டியது இரண்டாவதுதான்.

எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான். போன மாதம் பின் சக்கரத்தைத் தானே கழற்றி டயர் மாற்றி மாட்டினான். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது. ஓர் இடத்தில் சென்சாரை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அவன் சம்பளத்தில் அது பெரிய தொகை. தெருமுனை மெக்கானிக் அண்ணன் சென்சாரின் முனையைத் துணியால் துடைத்தார். கறுப்பாக இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. சக்கரத்தின் வேகத்தைப் பார்க்கும் சென்சாருக்குள் காந்தம் இருக்கலாம். இரும்பு மார்க்கெட்டில் நிற்கிற வண்டியில் தூள் ஒட்டாமல் என்ன செய்யும்? ஒயர் இணைப்பையும் "டிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். வண்டி பத்தடி நகர்ந்ததும் விளக்கு அணைந்தது.

வண்டி வேலை நம் ஊருக்குப் புதிது அல்ல. 1950-களில் திருவொற்றியூரில்தான் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பு தொடங்கியது. அந்தக் காலத்து புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கும். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம். வண்டி தன் நிலைமையை ஓட்டுபவரிடமே சொன்னது.

இப்போதைய வண்டி அப்படிச் சொல்வதில்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைக் கணக்கிட்டுத் தெளிக்கும் முறை வந்தது. அதற்குத்தான் இத்தனை சென்சார்கள். நான் இதை எதிர்க்கவில்லை. மணலி, எண்ணூர்ப் புகையைச் சுவாசித்து வாழ்கிறவர்களுக்குப் புகை குறைவதன் அருமை தெரியும்.

ஆனால் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். அது கீழ்மட்ட எழுத்தர் மாதிரி. தான் பார்த்ததைக் குறிப்பாக எழுதி, ஒயர் வழியாக மேலதிகாரிக்கு அனுப்புகிறது. இ.சி.யு. என்கிற சிறு பெட்டிதான் அந்த மேலதிகாரி. குறிப்பு வந்து சேராவிட்டாலும், தப்பாக வந்தாலும் விளக்கு எரியும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த நமக்கு இது புதிதா? கோப்பு வரவில்லை என்றால் முதலில் தபால் பதிவேட்டைப் பார்ப்போம். எடுத்த எடுப்பில் எழுத்தரை மாற்றல் செய்ய மாட்டோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே தெகார்த் என்ற தத்துவஞானியைப் படிக்காமல் யாரும் தப்ப முடியாது. 1637-இல் அவர் எழுதிய நூலில் நான்கு விதிகள் உண்டு. தெளிவாகத் தெரியாததை நம்பாதே, சிக்கலைப் பிரித்துப் பார், எளியதிலிருந்து தொடங்கு, எதையும் விட்டுவிடாமல் எண்ணிச் சரிபார். மெக்கானிக் அண்ணன் அந்த நூலைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் செய்தது அதுதான்.

உங்கள் மகனுக்கோ பேரனுக்கோ இந்த வரிசையைச் சொல்லுங்கள். கடைசியாகக் கை பட்ட இடத்தை முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி முனை இறுக்கமாக இருக்கிறதா? எர்த் ஒயர் மாட்டப்பட்டதா? ஃபியூஸ் சரியா? பிறகு, சாவியை அணைத்துவிட்டு ஒயர் இணைப்புகளைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கலாம். கடற்காற்று அடிக்கிற ஊர் இது. பல வண்டிகளில் நடு ஸ்டாண்டில் நிறுத்திக் கியர் போட்டுப் பின் சக்கரத்தை மட்டும் சுழலவிட்டாலே ஏ.பி.எஸ். விளக்கு எரியும். முன் சக்கரம் நிற்க, பின் சக்கரம் ஓடுகிறதே என்று பெட்டி குழம்புகிறது. அணைத்து மறுபடி கிளப்பிச் சிறிது தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். இத்தனைக்குப் பிறகும் விளக்கு எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். பிரேக் விஷயத்தில் வீம்பு கூடாது.

இதில் கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. பெட்டிக்குள் ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் எண் பதிவாகிறது. சில வண்டிகளில் விளக்கே நீண்டும் குறுகியும் மின்னி அந்த எண்ணைச் சொல்லும். அதன் பொருளை வாங்கியவருக்கு ஏன் சொல்லக் கூடாது? பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. பிரான்சில் 2021-இல் கைபேசி, சலவை இயந்திரம் போன்ற சில பொருட்களுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே விற்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவுகூட வேண்டாம். கையேட்டில் பழுது எண்களும் ஒயரிங் படமும் இரண்டு பக்கம் தமிழில் இருக்கட்டும். பழுது எண்ணைப் படிக்கும் கருவி தெருமுனைப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைக்கட்டும்.

அது கிடைக்காவிட்டால் அந்த மெக்கானிக் அண்ணனின் பட்டறை அதிக நாள் தாங்காது. அதற்குப் பிறகு இரும்புத் தூளைத் துடைக்கக்கூட நாம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும்.